நன்னூலின் கிளியும் தாகூரின் கிளியும்

பிள்ளைகளின் படைப்பாற்றலை வளர்க்கிறோம் என்று எழுதாத பள்ளி விளம்பரத்தை இன்று கொல்கத்தாவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிதர்ப்பூர் தாண்டி கார்டன் ரீச் வருகிற பஸ்ஸின் முதுகில்கூட அந்தச் சொல்லைப் பார்க்கிறேன். ஆனால் நம்மவர் நாலு பேர் கூடினால் வேறு பேச்சு வருகிறது. “நம்ம பழைய படிப்பெல்லாம் மனப்பாடம்தான் சார். பிள்ளையைச் சொந்தமாகச் சிந்திக்க விடுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, இல்லாவிட்டால் இங்கே தாகூர் கொண்டுவந்தது” என்கிறார் ஒருவர். “மனப்பாடம் போனது, தமிழும் போனது” என்கிறார் இன்னொருவர். இருவரும் சண்டை போட்டாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். தமிழ்க் கல்வி மரபு என்றால் மனப்பாடம் என்பதே அது.

இந்தக் கருத்து எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்க, ஒரு தமிழ் நூலையும் ஒரு வங்காளக் கதையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிப்பது இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் நூல் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல். வங்காளக் கதை இரவீந்திரநாத தாகூரின் ‘தோதா காஹினி’, அதாவது கிளியின் கதை. இரண்டிலும் ஒரு கிளி வருகிறது. இரண்டு கிளிக்கும் பாடம் நடக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே கிளி அல்ல.

நான் துணி வியாபாரி. கல்லூரி வாசல் மிதித்தவனல்லன். கடை அடைத்த பிறகு படித்த படிப்புதான் எனக்கு. ஆகவே புலவர்களுக்குரிய நுட்பங்களை விட்டுவிட்டு, பிள்ளை பெற்றவர்களுக்கு உதவக்கூடியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தாகூரின் கிளி

தாகூர் இக்கதையை 1918இல் வெளியிட்டார். சாட்லர் தலைமையில் கல்கத்தாப் பல்கலைக்கழகக் கமிஷன் (1917–19) உட்கார்ந்து கல்வியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்த காலம் அது. கதை சிறியது, நாலைந்து பக்கத்தில் முடிந்துவிடும்.

ஒரு பறவை இருந்தது. பாடும், குதிக்கும், பறக்கும். சாஸ்திரம் மட்டும் தெரியாது. இப்படிப்பட்ட பறவையால் பழம் தீர்வதைத் தவிர நாட்டுக்கு என்ன லாபம் என்று ராஜா நினைத்தார். அதற்குக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தம் மருமகன்களிடம் ஒப்படைத்தார். பண்டிதர்கள் கூடி ஆராய்ந்தார்கள். வைக்கோல் கூட்டில் வித்தை தங்காது என்று முடிவு செய்தார்கள். தங்கத்தில் கூண்டு செய்தாயிற்று. அதைப் பார்க்க ஊரே வந்தது. ஏடுகளைப் படியெடுத்து மலைபோல் குவித்தார்கள். தட்டானுக்குக் கூலி, எழுத்தனுக்குக் கூலி, மேற்பார்வைக்காரனுக்குக் கூலி. எல்லாரும் நன்றாக இருந்தார்கள். பறவையை யாரும் பார்க்கவில்லை என்று ஒருவன் குறை சொன்னான். ராஜா நேரில் வந்தார். மேளதாளத்தில் பறவையைப் பார்க்க அவரும் மறந்துபோனார். தானியம் இல்லை, தண்ணீர் இல்லை, ஏட்டைக் கிழித்து வாயில் திணிப்பது மட்டும் நடந்தது. பறவை கம்பியைக் கொத்தியபோது கொல்லனை அழைத்துச் சங்கிலி பூட்டினார்கள், சிறகை வெட்டினார்கள். கடைசியில் பறவை செத்தது. படிப்பு முடிந்துவிட்டது என்று ராஜாவுக்குச் செய்தி போயிற்று. ராஜா விரலால் அழுத்திப் பார்த்தார். உள்ளே காய்ந்த காகிதம் சலசலத்தது.

தாகூர் இதைச் சும்மா எழுதவில்லை. சிறுவயதில் பள்ளிக்கூடங்களில் உட்கார முடியாமல் விட்டு வந்தவர் அவர். 1892இலேயே ‘சிக்ஷார் ஹேர்ஃபேர்’ என்ற கட்டுரையில், தாய்மொழியை விட்டு வேற்று மொழியை விழுங்கும் கல்வி பிள்ளையின் மனத்தோடு ஒட்டுவதில்லை என்று வாதாடியவர். 1901இல் சாந்திநிகேதனில் ஐந்தே மாணவர்களோடு பள்ளி தொடங்கியவர். ஆகவே இக்கதையில் உள்ள கோபம் பதினேழு வருஷம் பள்ளிக்கூடம் நடத்திய மனிதரின் கோபம்.

நன்னூலின் கிளி

இனி நம்ம கிளிக்கு வருவோம். பவணந்தி முனிவர் சைனத் துறவி. சீயகங்கன் என்ற அரசன் கேட்டுக்கொண்டதால், ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூலை இயற்றினார். மொத்தம் 462 நூற்பா. அவற்றில் முதல் 55, பாயிரம். எழுத்தும் சொல்லும் பிறகுதான் வரும். நூல் எப்படி இருக்க வேண்டும், ஆசிரியர் யார், எப்படிச் சொல்லிக்கொடுப்பது, மாணாக்கர் யார், எப்படிக் கேட்பது என்பவை பாயிரத்தில் முன்னதாக வந்துவிடும். வகுப்பறை எப்படி நடக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டுத்தான் இலக்கணத்துக்குள் போகிறது நூல்.

ஆறுமுக நாவலர் காண்டிகையுரை எழுதிய பிறகு நன்னூல் பள்ளிகளில் பரவலாயிற்று. பல தலைமுறைப் பிள்ளைகள் அதை உரக்கச் சொல்லி நெட்டுருப் போட்டார்கள். அதனாலேயே, நன்னூல் என்றால் மனப்பாடத்தின் தலைவாசல் என்ற பெயர் வந்துவிட்டது. மனப்பாடம் செய்தவர்கள் அந்தப் பாயிரத்தின் பொருளைப் பார்த்திருந்தால் திடுக்கிட்டிருப்பார்கள்.

பவணந்தியார் மாணாக்கரை மூன்று தரமாக்கி எட்டு உவமை சொல்கிறார். முதல் தரம் அன்னமும் பசுவும். பாலையும் நீரையும் பிரிப்பதுபோல் நல்லதைப் பிரித்தெடுப்பவன் அன்னம். வயிறார மேய்ந்துவிட்டு ஓரிடத்தில் படுத்து அசைபோடுவதுபோல், கேட்டதைத் தனியே உட்கார்ந்து சிந்திப்பவன் பசு. நடுத்தரம் மண்ணும் கிளியும். உழுதவன் முயற்சிக்குத் தக்க விளைச்சல் தருபவன் மண். சொல்லிக்கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்பவன் கிளி. கடைத்தரம் ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி. பன்னாடையாகிய நெய்யரி நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். பாடத்தைப் பிசகாமல் ஒப்பிக்கிற பிள்ளையை நாம் எங்கே வைக்கிறோம்? மேடையில் வைத்துப் பரிசு கொடுக்கிறோம். நன்னூல் அவனை நடுவில் வைக்கிறது. கேட்டதைப் பிரித்துப் பார்ப்பவனும் அசைபோடுபவனும் அவனுக்கு மேலே நிற்கிறார்கள். மனப்பாடத்தின் தலைவாசல் என்று சொல்லப்படுகிற நூல், மனப்பாடத்தோடு நிற்பவனுக்கு முதலிடம் தரவில்லை.

ஆசிரியரையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆகாத ஆசிரியருக்குக் கழற்காய் போட்ட குடம், மடல் மூடிய பனை, பருத்தி அடைத்த குண்டிகை, வளைந்த தென்னை என்று நாலு உவமை. பருத்திக் குண்டிகைக்குள் அடைப்பதும் கஷ்டம், வெளியே எடுப்பதும் கஷ்டம். கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத்தான் அடைக்கணும், பிய்த்துத்தான் எடுக்கணும். இன்று நோட்ஸ் எழுதிப்போட்டுப் பாடம் நடத்தும் வகுப்பைப் பார்க்கிறபோது இந்தக் குண்டிகை என் நினைவுக்கு வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாடம் சொல்வதை அவர் ‘ஈதல்’ என்கிறார், கேட்பதைக் ‘கோடல்’ என்கிறார். எங்கள் சைன மரபில் உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் ஆகிய நான்கும் தானம். கொடுக்கிறவன் வாங்குகிறவன் முகத்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதனால்தான் ஆசிரியர் இடமும் காலமும் பார்த்து, அவசரப்படாமல், கோபப்படாமல், முகம் மலர்ந்து, மாணவனால் எந்த அளவுக்கு, எந்த வகையில் வாங்கிக்கொள்ள முடியும் என்று அறிந்து சொல்ல வேண்டும் என்கிறது நன்னூல். தாகூரின் ராஜசபையில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே எல்லாரும் கொடுத்தார்கள், வாங்கும் வாயை ஒருவரும் பார்க்கவில்லை.

கால், கால், அரை

பாயிரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு கணக்கு. வியாபாரிக்குக் கணக்கு பிடிப்பதில் ஆச்சரியமில்லை.

ஆசிரியர் சொன்னது முழுவதையும் ஒருவன் நன்றாக வாங்கிக்கொண்டாலும், அவனுக்குக் கிடைப்பது புலமையில் கால் பங்குதான் என்கிறார் பவணந்தியார். கூடப் படிக்கும் மாணவர்களோடு பழகிப் பயிலும்போது இன்னொரு கால் பங்கு சேர்கிறது. மீதி அரைப் பங்கு எப்போது வரும்? தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக விரித்துச் சொல்லும்போது வரும்.

எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கணக்கு இது. ஆசிரியரே எழுதிய நூலில் ஆசிரியருக்குக் கால் பங்குதான். பாதிப் பங்கு மாணவன் வாய்திறந்து பேசுவதில் இருக்கிறது. படைப்பாற்றல் என்ற சொல் பவணந்தியாரிடம் இல்லை. ஆனால் அது பிறக்கக்கூடிய இடத்தை அவர் காலியாக விட்டு, அதன் அளவையும் சொல்லியிருக்கிறார்.

இதற்குப் பக்கத்திலேயே நூலைப் பயிலும் முறை என்று ஏழு கடமைகளைச் சொல்கிறார். வழக்கை அறிவது, பாடத்தைப் போற்றுவது, கேட்டதை நினைப்பது, ஆசிரியரை அணுகி மறுபடி கேட்டுத் தெளிவது, தக்க மாணவரோடு பயில்வது, கேள்வி கேட்பது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது. இந்த ஏழில் மனப்பாடம் என்று சொல்லத்தக்கது ஒன்றுதான், இரண்டாவது. மற்ற ஆறையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டது நாம்.

சித்திரப் பாவை என்ற தடை

இங்கே ஒரு தடை எழும், அதை மறைக்கக் கூடாது. அதே நன்னூல், பாடம் கேட்கும் மாணவன் இரு என்றால் இருக்கணும், சொல் என்றால் சொல்லணும், போ என்றால் போகணும் என்கிறது. சித்திரத்தில் எழுதிய பாவைபோல் அடங்கி இருக்கச் சொல்கிறது. இது அடிமைப் பாடம்தானே என்று கேட்டால் என்ன பதில்?

என் பதில் இரண்டு. முதலாவது, பாவைபோல் இருப்பது கேட்கும் நேரத்துக்கு உரியது. அதே நூற்பா காதை வாயாக்கி, நெஞ்சைக் களஞ்சியமாக்கிக் கேட்கச் சொல்கிறது. தாகம் எடுத்தவன் தண்ணீர் குடிக்கும்போது பேச மாட்டான். குடித்து முடித்தவன் பேசணும். கேள்வி கேட்பதும் விடை சொல்வதும் அடுத்த நூற்பாவில் கடமையாகவே வந்துவிடுகின்றன. நாம் செய்த அநியாயம், கேட்கும் நேரத்துப் பாவையை நாள் முழுக்கப் பாவையாக நிறுத்தியது.

இரண்டாவது, நன்னூலில் நாம் ஏற்க முடியாததும் உண்டு. எருமை, ஓட்டைக் குடம் என்று ஒரு பிள்ளைக்கு முத்திரை குத்திவிட்டால் அது அப்படியே நின்றுவிடும். யார் யாருக்குப் பாடம் சொல்லக் கூடாது என்ற பட்டியலும் அதில் இருக்கிறது. தன்னைத் தேடி வரும் சிலருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் காலத்து விதி அது. எல்லாப் பிள்ளைக்கும் கல்வி என்று சட்டம் வந்த நாட்டில் அந்தப் பட்டியலை நாம் வைத்துக்கொள்ள முடியாது. பவணந்தியார் எங்கள் முனிவர் என்பதற்காக நான் இதைச் சொல்லாமல் விட்டால், அன்னத்தைப் போல் பிரித்தெடுக்கச் சொன்ன அவருக்கே அது அழகாகாது.

அரைப் பங்கு நடந்த இடங்கள்

ஏட்டில் இருந்தது நடைமுறையில் இருந்ததா? இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை புராணங்கள் பாடும்போது வாயால் சொல்லிக்கொண்டே போவார், மாணாக்கர் ஏட்டில் எழுதுவார்கள். ஒரு செய்யுள் எப்படிப் பிறக்கிறது, எங்கே தயங்குகிறது, எப்படித் திருந்துகிறது என்பதை மாணவன் கண்ணெதிரே பார்த்தான். அங்கே உட்கார்ந்து எழுதியவர்களில் ஒருவர் உ. வே. சாமிநாதையர்.

அதே சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரான பிறகு, சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். அதைப் பயிலப் புகுந்தபோது சைன சமயச் சொற்கள் விளங்கவில்லை. கல்லூரி ஆசிரியராகிய அவர், கும்பகோணத்தில் இருந்த சைனர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்டார். தலைமுறையாகச் சிந்தாமணியைப் படித்து வந்த அவர்கள் விளக்கம் சொன்னார்கள். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அந்தப் பதிப்புக்குப் பின்னால் ஓர் ஆசிரியரின் வினாதலும், பட்டம் பெறாத சிலரின் விடுத்தலும் இருக்கின்றன. நன்னூலின் பழைய உரையாகிய மயிலைநாதர் உரையையும் அவரே 1918இல் பதிப்பித்தார். தாகூரின் கிளி செத்த அதே வருஷம் பவணந்தியாரின் கிளி பழைய உரையோடு அச்சேறியது என்று நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

இதன் மறுபக்கத்தையும் ஒரு வரலாறு காட்டுகிறது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் ஓர் அநாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்தினார். நம்ம ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளியில் புகுத்தி, மூத்த பையனை இளையவனுக்கு ஆசானாக்கினார். ஊர் திரும்பி 1797இல் இலண்டனில் அறிக்கை வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவிற்று. திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை இது.

ஆனால் அங்கே போய் அது என்ன ஆயிற்று? பெரிய கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒரே ஆசிரியர். அவர் சொன்னதைச் சட்டாம்பிள்ளை வாங்கி அப்படியே கீழே கடத்த வேண்டியது. பேசுவது மாணவன்தான், ஆனாலும் அவன் பேச்சில் அவனுடையது ஒன்றுமில்லை. செலவு குறைந்தது, கிளி பெருகியது. பவணந்தியார் ‘செம்மையாக உரைத்தல்’ என்றது இதுவல்ல. ஒன்றைப் பிறருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டுமென்றால், சொல்பவன் தன் உதாரணத்தைத் தேட வேண்டும், எதிரே இருப்பவன் முகம் பார்த்துச் சொல்லை மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தில்தான் படைப்பு இருக்கிறது.

பாட்டோடு பிறந்த பறவையும் பாட்டில்லாமல் வரும் பிள்ளையும்

இப்போது தாகூரிடம் திரும்புவோம். அவர் கதை சக்தி வாய்ந்தது. ஆனால் நம் நிலைக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஓர் இடத்தில் இடறும். அவருடைய பறவை கூண்டுக்கு வருமுன்பே பாடிக்கொண்டிருந்தது. பாட்டு அதனோடு பிறந்தது, ஆகவே விட்டுவிட்டால் போதும். சாந்திநிகேதனில் மரத்தடியில் உட்கார்ந்த பிள்ளைக்கும் வங்காளம் அப்படித்தான். வீட்டிலும் வீதியிலும் காற்றிலும் அந்த மொழி இருந்தது.

கார்டன் ரீச்சில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் அப்படி இல்லை. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், தெருவில் வங்காளமும் உருதுவும், வீட்டில் சாப்பிடும் நேரத்துத் தமிழ். தென்கிழக்கு ரயில்வே தலைமையகம் இங்கே இருப்பதால் வந்த குடும்பங்களும், என்னைப்போல் வியாபாரத்துக்கு வந்தவர்களும், பிள்ளையைச் ‘சும்மா விட்டால்’ அது தமிழில் பாடாது. அதற்கு முதலில் சொல் வேண்டும், ஓசை வேண்டும், நாலு பாட்டு வேண்டும். அதாவது பவணந்தியாரின் முதல் கால் பங்கு கட்டாயம் வேண்டும். மனப்பாடமே கூடாது என்பவர்கள் இந்தக் காலைக் கழித்துவிட்டு மீதியை எதன்மேல் நிறுத்துவார்கள்?

தாகூருக்கும் இது தெரியும். 1930இல் அவரே ‘சகஜ பாட்’ என்ற அரிச்சுவடி எழுதினார், நந்தலால் போஸ் படம் போட்டார். எழுத்தைத் தாளத்தோடு பிள்ளை மனத்தில் பதிய வைக்கிற புத்தகம் அது. அதோடு சாந்திநிகேதனில் பிள்ளைகள் தாமே எழுதியதைத் தாமே வாசிக்கும் சாகித்திய சபையும் உண்டு. கால் பங்கும் இருந்தது, அரைப் பங்கும் இருந்தது. பாடமே இல்லாத காடு அல்ல அந்தப் பள்ளி.

கேரளத்துக் கூத்துப்பறம்பில் 1924இல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கே. ஜி. சுப்பிரமணியன், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளில் இடம் கிடைக்காமல் 1944இல் சாந்திநிகேதன் கலாபவனத்துக்கு வந்தார். நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகியோரிடம் பயின்றார். கை பழகிய பிறகு தம் வழியில் போனார். பொம்மை செய்தார், பிள்ளைகளுக்குப் படக்கதை செய்தார், சுவரோவியம் தீட்டினார், பல தலைமுறை மாணவர்களுக்கு ஆசிரியரானார். வாங்கியதை உரைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, வேற்று மாநிலத்தில் வாழ்ந்த தமிழர் ஒருவரே சாட்சி.

என் தொழிலிலும் இதைப் பார்க்கிறேன். மெட்டியாபுரூஜ் தையல்காரர்களுக்கு ஈரோட்டுத் துணி கொடுத்து எனக்கு வருஷம் பல ஆயிற்று. ‘ஒஸ்தாகர்’ என்று சொல்லப்படும் தையல் ஆசானிடம் வேலை கற்க வரும் வாலிபன் முதலில் பொத்தான் தைப்பான், பிறகு மூட்டுவான், அட்டை வைத்து வெட்டுவான். இதெல்லாம் கிளிப் பாடம்தான். ஆனால் நல்ல ஒஸ்தாகர் வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியை அவனிடம் தள்ளிவிடுவார். உன் இஷ்டத்துக்கு எதையாவது தைத்துக் கொண்டா என்பார். கெட்டால் நஷ்டமில்லாத துணி அது. அதில்தான் ஒருவன் கூலித் தையல்காரனா, புது மாடல் போடக்கூடியவனா என்று தெரியவரும். நம் வகுப்பறைகளில் கெட்டால் நஷ்டமில்லாத துண்டுத் துணி எங்கே இருக்கிறது? எல்லாம் மார்க் போடும் முழுத் துணியாகவே இருக்கிறது.

நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

வெளிமாநிலத்துச் சங்கங்களின் தமிழ் வகுப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். பொங்கல் விழாவில் முப்பது குறளைத் தட்டாமல் சொல்லி, பட்டுப் பாவாடையோடு கோப்பை வாங்குகிற பிள்ளை, ஊரிலிருந்து பாட்டி போன் செய்தால் ‘ம்’, ‘சரி’ என்ற இரண்டே சொல்லோடு போனை அம்மாவிடம் தந்துவிடுகிறது. நேற்று மழை பெய்து தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றதைச் சொல்ல அதற்கு வாக்கியம் வரவில்லை. அந்தப் பிள்ளை குற்றவாளி அல்ல. நாம் கால் பங்கு கொடுத்துவிட்டு முழுப் பங்குக்கும் கோப்பை கொடுத்துவிட்டோம். கோப்பை பளபளக்கிறது. தாகூரின் கூண்டும் பளபளத்தது.

இதற்கு நான் வைக்கும் யோசனை பவணந்தியாரின் கணக்கை மார்க் தாளில் ஏற்றுவதுதான். குறள் போட்டிக்கு 100 மார்க் என்றால், பிழையின்றிச் சொல்வதற்கு 25. இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து, அக்குறளைப் பற்றிக் கேள்வி கேட்டுப் பதில் சொல்வதற்கு 25. தன் வீட்டில், தன் தெருவில், தன் பள்ளியில் நடந்த ஒன்றை உதாரணமாக வைத்துத் தன் சொந்தத் தமிழில் அக்குறளை விளக்குவதற்கு 50. முப்பது குறள் வேண்டாம், மூன்று போதும்.

இரண்டாவது, பத்தாம் வகுப்புப் பிள்ளை நாலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். கடத்துவதாக இருக்கக் கூடாது. சின்னவன் கேட்கும் கேள்விக்குப் பெரியவன் திணறட்டும். அந்தத் திணறல்தான் அவனுக்கு அரைப் பங்கு. மூன்றாவது, வாரம் ஒருமுறை ஊரில் உள்ள தாத்தா பாட்டியிடம் போனில் ஒரு விஷயம் கேட்டு வந்து வகுப்பில் சொல்லட்டும். வந்தவாசிப் பக்கத்து ஏரியா, தஞ்சாவூர்த் திருமணமா, எதுவாக இருந்தாலும் சரி. நான்காவது, இந்த மலரில் நாலு பக்கம் பிள்ளைகளுக்கு ஒதுக்குவோம். பெரியவர்கள் எழுதிக்கொடுத்துப் பிள்ளை பெயரைப் போடும் வழக்கத்தை விட்டுவிடுவோம். ஆறு வரியானாலும் அது பிள்ளையின் ஆறு வரியாக இருக்கட்டும்.

அந்த ஆறு வரியில் வங்காளமும் இந்தியும் கலந்து வருமே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வரும். வரட்டும். பழைய சொல் போவதும் புதிய சொல் வருவதும் காலத்தின் இயல்பு, குற்றமாகாது என்று நன்னூல் தன் கடைசி நூற்பாவில் சொல்லி முடிக்கிறது. இலக்கணம் எழுதிய துறவிக்கே இல்லாத பதற்றம் நமக்கு எதற்கு? எழுத்துப் பிழையைத் திருத்துவோம், பிள்ளையின் வாக்கியத்தைத் திருடாமல் திருத்துவோம்.

சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். தாகூரின் கிளி, திணிக்கும் கல்வி கொல்லும் என்று நம்மை எச்சரிக்கிறது. நன்னூலின் கிளி, திருப்பிச் சொல்வது நடுவழி என்று காட்டி மேலே போகச் சொல்கிறது. நம்ம பிள்ளைகள் கிளியாக இருக்கும் பருவம் ஒன்று உண்டு. அதற்கு வெட்கப்பட வேண்டாம். அங்கேயே அவர்களை நிறுத்திக் கைதட்டுவதுதான் கூடாது. இன்னும் ஒரு தலைமுறை கழித்து கங்கைக் கரையில் தமிழ் இருக்குமா என்பது, நாம் எத்தனை குறள் சொல்ல வைத்தோம் என்பதைப் பொறுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகள் தங்களுடைய சண்டையை, சிரிப்பை, மழையைத் தமிழில் சொல்ல நாம் எவ்வளவு இடம் விட்டோம் என்பதைப் பொறுத்தது அது. அந்த இடத்தின் அளவு பாதி என்று நன்னூல் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அதைக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.